இன்ஸ்பயர்: ஆராய்ச்சிக்கு நல்ல வழிகாட்டி, ஆளை எடைபோட அரைகுறைத் தராசு

கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் ஒருவர் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வு) வேலைக்கு மனுப் போட்டால், அவருடைய சுயவிவரத்தைப் புரட்டுவதற்கு முன்பே தேர்வுக் குழுவில் பலர் இந்தத் துறைக் கட்டுரைகளுக்கான தேடல் தளமான இன்ஸ்பயரில் அவர் பெயரைத் தட்டிவிடுவார்கள். பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகத்தை வாங்கிப் பார்ப்பது மாதிரிதான். எத்தனை கட்டுரை, மற்ற கட்டுரைகளில் அவற்றுக்கு எத்தனை மேற்கோள், ஹெச்-இன்டெக்ஸ் (8 என்றால் குறைந்தது 8 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 8) எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எல்லாம் வந்து நிற்கும். இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது, கணக்குத் திறக்காமலே தேடலாம். கட்டுரையைத் தேடிப் பிடிக்கவும், ஒரு கருத்து எங்கே பிறந்து எப்படிக் கிளைவிட்டது என்று பார்க்கவும் இந்தத் துறையில் இதற்கு இணை இல்லை. அதே எண்களை வைத்து ஒருவருடைய வேலையை அளக்கப் போகும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

தளம் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகமும் ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகமும் தங்கள் நூலகங்களைச் சேர்த்து 1974-ல் தொடங்கிய ஸ்பைர்ஸ் என்ற தரவுத்தளத்தின் வாரிசு இது. 1991 டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வலைத்தளம் ஸ்லாக்கில் எழுந்ததே இந்தப் பட்டியலை எல்லோரும் தேடட்டும் என்றுதான். இன்று செர்ன், டெசி, ஃபெர்மிலாப், ஸ்லாக் ஆகிய துகள் இயற்பியல் ஆய்வகங்களோடு பெய்ஜிங்கின் உயர் ஆற்றல் இயற்பியல் நிறுவனமும் பிரான்ஸின் அணுக்கரு, துகள் இயற்பியல் அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. நூலகர்கள் கட்டிய தளம் என்பது பயன்படுத்தும்போது தெரியும். இயந்திரம் சேர்த்ததை மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள்.

தேடல் எப்படி என்பதை ஓர் உண்மையான உதாரணத்தில் பார்ப்பது நல்லது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றி 2023-ல் மறைந்த ஜி. ராஜசேகரன், எர்னஸ்ட் மாவுடன் சேர்ந்து 2001-ல் எழுதிய கட்டுரை: நியூட்ரினோ நிறைகளுக்கு ஏ4 என்ற சமச்சீர்க் குழுவைப் பயன்படுத்துவது பற்றியது. ஏ4 என்பது நான்முகியை அதன் மேலேயே பொருத்தும் 12 சுழற்சிகளின் குழு. அதற்கு மூன்று பரிமாண உருவகிப்பு ஒன்று உண்டு, அதாவது மூன்று பொருள்களை ஒரே தொகுதியாக வைத்துக் கலக்கும் வழி. எலக்ட்ரானும் நியூட்ரினோவும் அடங்கிய லெப்டான் துகள்களின் குடும்பங்களும் மூன்று என்பதால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

இந்தக் கட்டுரையைப் பிடிக்கப் பெயரும் தலைப்பும் வேண்டியதில்லை. இதழில் வருமுன்பே கட்டுரைகளை முன்பதிப்பாக ஏற்றும் ஆர்க்கைவ் தளம் தந்த எண்ணான ஹெப்-பிஹெச்/0106291 என்பதை அப்படியே பெட்டியில் இட்டால் போதும். 'பிசிக்கல் ரிவ்யூ டி, தொகுதி 64, 113012' என்று இதழ் விவரம் கொடுத்தாலும் வரும். பெயரால் தேடுவதாக இருந்தால் ஆசிரியருக்கு 'ஏ', தலைப்புக்கு 'டி' என்று ஆங்கில ஒற்றை எழுத்துச் சுருக்கங்கள் உண்டு. ஸ்பைர்ஸ் காலத்துப் பழக்கம், இன்னும் வேலை செய்கிறது.

கட்டுரைப் பக்கத்துக்குப் போனதும் மேற்கோள் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அந்த எண்ணைச் சொடுக்குங்கள். இதை மேற்கோள் காட்டிய அத்தனை கட்டுரைகளும் வரும். வழக்கமாகப் புதியது மேலே இருக்கும். வரிசையை 'அதிக மேற்கோள்' என்று மாற்றுங்கள். இப்போது முதல் இருபது கட்டுரைகள்தான் அந்தத் துறையின் வரைபடம். இடப்பக்கம் உள்ள வடிகட்டியில் ஆவண வகையை 'ரிவ்யூ' என்று வைத்தால் ஆய்வுத் தொகுப்புகள் மட்டும் நிற்கும். புதிதாக நுழைகிற மாணவர் அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம். 'ரெஃபர்ஸ்டூ' என்ற கட்டளையை இரண்டு கட்டுரைகளுக்குச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டையும் ஒருசேர மேற்கோள் காட்டியவை மட்டும் வரும். இரண்டு கருத்துகளை யாராவது ஏற்கெனவே முடிச்சுப் போட்டுவிட்டார்களா என்று பார்க்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை. ஆறு மாதம் கணக்குப் போட்டபின் 'இதைத்தான் அப்போதே செய்துவிட்டார்களே' என்று தெரியவருவதைவிட, இந்த ஐந்து நிமிடம் எவ்வளவோ மேல்.

அடுத்தது கட்டுரை எழுதும்போது கைகொடுக்கும் பகுதி. ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான குறிச்சொல் ஒன்று உண்டு: முதல் ஆசிரியரின் குடும்பப் பெயர், முக்காற்புள்ளி, ஆண்டு, அதன் பின் இரண்டு அல்லது மூன்று எழுத்து. கட்டுரையைத் தட்டச்சு செய்யும் லேடெக் மென்பொருளின் கோப்பில் அதைப் போட்டுவிட்டு, இன்ஸ்பயரிலிருந்து பிப்டெக் (லேடெக்கின் மேற்கோள் பட்டியல் கருவி) பதிவை நகலெடுத்து ஒட்டினால் மேற்கோள் பட்டியல் தயார். இதையும் தவிர்க்கலாம். முழு லேடெக் கோப்பையே தளத்தின் பட்டியல் தயாரிப்பானில் ஏற்றினால், நீங்கள் மேற்கோள் காட்டிய வரிசையிலேயே பட்டியல் திரும்பி வரும். குறிச்சொல்லுக்குப் பதில் ஆர்க்கைவ் எண்ணைப் போட்டிருந்தாலும் புரிந்துகொள்ளும்.

சறுக்கும் இடங்கள் இங்கே மூன்று நான்கு உண்டு. குறிச்சொல்லில் இருக்கும் ஆண்டு இதழில் வந்த ஆண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. இயற்பியலாளர் மால்டசேனாவின் புகழ்பெற்ற கட்டுரைக்குக் குறிச்சொல்லில் 1997, இதழில் 1998. குறிச்சொல்லைப் பார்த்து ஆண்டை எழுதினால் தப்பாகும். இதைவிடப் பெரிய இம்சை, பெரிய சோதனைக் குழுக்களின் குறிச்சொற்கள் இடையில் மாறியது. 2012-ல் செர்னின் அட்லஸ் சோதனைக் குழு ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்ததை அறிவித்த கட்டுரை முன்பு 'ஆட்' என்ற முதல் ஆசிரியர் பெயரில் தொடங்கும் குறிச்சொல்லோடு வந்தது. இப்போது 'அட்லஸ்' என்று குழுவின் பெயரிலேயே வருகிறது. செர்னின் இன்னொரு குழுவான சிஎம்எஸ்ஸின் கட்டுரைக்கும் இதே கதை. பழைய குறிச்சொல்லைக் கொண்டு தேடினாலும் பதிவு கிடைக்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒருவர் பழைய கோப்பும் மற்றவர் புதிய கோப்பும் வைத்துக்கொண்டு சேர்ந்து எழுதினால், பட்டியலில் ஒரே கட்டுரை 7 என்றும் 31 என்றும் இரண்டு இடத்தில் வந்து உட்காரும். பிப்டெக்குக்கு அவை இரண்டும் ஒன்று எனத் தெரியாது. அனுப்புமுன் ஆர்க்கைவ் எண்ணை வைத்து ஒருமுறை இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பதிப்பாக இருந்தபோது நகலெடுத்த பதிவு, கட்டுரை இதழில் வந்தபின் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. இதழுக்கு அனுப்புமுன் எல்லாவற்றையும் மறுபடி இறக்குவது நல்லது. நிரல் எழுதி இறக்குபவர்கள் கவனிக்க: ஒரே முகவரியிலிருந்து 5 விநாடிக்கு 15 கோரிக்கைக்கு மேல் போனால் தளம் 429 என்ற பிழையைக் காட்டிக் கதவைச் சாத்திவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையே 0.4 விநாடி விட்டால் போதும், 120 மேற்கோளும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். தலைப்பில் உள்ள கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் சில நேரம் லேடெக் ஏற்காத வடிவில் வந்து தொகுப்பை நிறுத்தும். அந்த ஒரு வரியைக் கையால் திருத்த வேண்டியதுதான். பிப்டெக் பதிவின் குறிப்புப் புலத்தில் பிழைதிருத்தம் பற்றிய விவரம் இருந்தால், இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். கட்டுரையில் ஒரு சமன்பாடு மாறியிருக்கிறது என்பதற்கு வாசகருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுவாகக்கூட இருக்கலாம்.

இனி, நம்மவர்களுக்கு மட்டும் கூடுதலாக வலிக்கிற இடம்: பெயர். இன்ஸ்பயரின் அச்சு 'குடும்பப் பெயர், முதற்பெயர்' என்பது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. 'க. முருகன்' என்று எழுதினால் முருகன் குடும்பப் பெயராகி விஷயம் ஒருவாறு ஓடிவிடும். 'முருகன் க.' என்று எழுத்தைப் பின்னால் போட்டுவிட்டால் அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகும். குறிச்சொல்லும் அந்த எழுத்தில்தான் தொடங்கும். பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்று விரித்திருந்து, வெளிநாடு போனபின் அதே பெயரில் கட்டுரை வந்தால், இன்ஸ்பயருக்கு அவர் மூன்றாவது ஆள். கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களின் கட்டுரைகளும் இப்படித்தான் இரண்டு சுயவிவரமாகப் பிளந்து கிடக்கின்றன. ஹெச்-இன்டெக்ஸ் கூட்டினால் வருவதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 8 ஒரு பக்கம், 6 ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கினால் 14 வரும் என்பதில்லை, 10 வரலாம், 8-லேயே நிற்கவும் செய்யலாம். குழு பார்ப்பது ஏதோ ஒரு பாதியை.

தீர்வு சுலபம், ஆனால் முதல் கட்டுரைக்கு முன்பே செய்ய வேண்டும். எந்த வடிவத்தில் பெயர் எழுதுவது என்று ஒருமுறை முடிவெடுத்து, அதை மாற்றக்கூடாது. ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை வாங்குங்கள், காசு கிடையாது. இன்ஸ்பயருக்குள் நுழைவதே அந்த எண்ணைக் கொண்டுதான். நுழைந்தபின் உங்கள் சுயவிவரத்தைத் தேடி 'இது நான்' என்று உரிமை கோருங்கள். பிறகு ஒவ்வொரு கட்டுரையையும் உங்களுடையதா, வேறொருவருடையதா என்று குறியுங்கள். பெயரின் மற்ற வடிவங்களையும் சேர்க்க இடம் உண்டு. இரண்டு சுயவிவரம் இருந்தால் இணைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மனிதர் பார்த்துச் செய்வதால் உடனே நடக்காது, நாள்கள் ஆகும். வேலைக்கு மனுப் போடும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

மேற்கோள் கணக்கு எப்படி ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்க்கைவில் கட்டுரை வந்த ஓரிரு நாளில் இன்ஸ்பயர் அதன் மேற்கோள் பட்டியலை இயந்திரத்தால் பிரித்தெடுக்கிறது. ஒரே எண்ணின் கீழ் நாலைந்து கட்டுரையை அடுக்கியிருந்தாலோ, தொகுதி எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தாலோ, ஆர்க்கைவ் எண் விட்டுப்போயிருந்தாலோ இணைப்பு விழாமல் போகலாம். அப்படி விட்டுப்போனதைத் திருத்தப் படிவம் இருக்கிறது. பழைய காலத்துக் கட்டுரைகளில் பலவற்றின் மேற்கோள் பட்டியல் முழுதாக ஏறவில்லை. ஆகவே 1970-களில் எழுதியவரையும் இன்று எழுதுபவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது சரியாக வராது.

தளம் எதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது என்பதும் முக்கியம். ஆர்க்கைவின் ஹெப்-டிஹெச் (உயர் ஆற்றல் கோட்பாடு), ஹெப்-பிஹெச் (உயர் ஆற்றல் நிகழ்வியல்) போன்ற பிரிவுகள் முழுதாக உள்ளே வரும். குவாண்டம் இயற்பியல், வானியற்பியல் பிரிவுகளில் பொறுக்கித்தான் எடுப்பார்கள். உங்கள் கட்டுரையைத் திடப்பொருள் இயற்பியல்காரரோ கணிதக்காரரோ மேற்கோள் காட்டினால் அது இங்கே விழாமல் போகலாம். கூகுள் ஸ்காலரில் எண் பெரிதாகவும் இங்கே சிறிதாகவும் தெரிவதற்கு இது ஒரு காரணம். இரண்டில் எது சரி என்று கேட்பதில் பொருள் இல்லை; படிவத்தில் எந்தத் தளத்தின் எண், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதிவிடுங்கள்.

மேற்கோள் சுருக்கத்தைத் திறந்தால் இரண்டு நெடுவரிசைகள் இருக்கும்: மேற்கோள் கணக்கில் வரத்தக்க எல்லாக் கட்டுரைகளும் ஒன்று, இதழில் வெளியானவை மட்டும் இன்னொன்று. கீழே 0, 1 முதல் 9, 10 முதல் 49 என்று போய் 500-க்கு மேல் வரை கட்டங்கள். ஸ்பைர்ஸ் நாள்களில் இந்தக் கட்டங்களுக்குப் பட்டப்பெயரும் இருந்தது. 500-ஐத் தாண்டினால் 'பெரும் புகழ்பெற்றவை', மேற்கோளே இல்லாவிட்டால் 'அறியப்படாதவை'! புதிய தளத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள், நல்ல காரியம். மா–ராஜசேகரன் கட்டுரை உச்சக் கட்டத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏ4 குழுவை வைத்துப் பின்னால் பலர் கட்டிய மாதிரிகளில் நியூட்ரினோக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு கலக்கின்றன என்பதைச் சொல்லும் கோணங்களில் ஒன்றான தீட்டா-13 சுழி என்று வந்தது. 2012 மார்ச்சில் சீனாவின் தாயா பே சோதனை அது சுழி இல்லை, ஏறத்தாழ 9 டிகிரி என்று காட்டியது. அதன் பிறகு வந்த கட்டுரைகள் அந்த மாதிரிகளைத் திருத்தின, சில கைவிட்டன, சில வேறு குழுவுக்குத் தாவின. எல்லாமே மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டின. 'இதன் மேல் கட்டுகிறேன்' என்பதும் 'இது இனி செல்லாது' என்பதும் இன்ஸ்பயருக்கு ஒரே ஒன்றுதான்.

எதிர்த்திசையில் ஏமாற்றும் உதாரணம் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க். மின்காந்த விசையையும் மென்விசையையும் சேர்த்து அவர் 1967-ல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரைக்கு இன்று 10,000-க்கு மேல் மேற்கோள். ஆண்டுவாரி வரைபடத்தைத் திறந்தால் முதல் சில ஆண்டுகள் தரையோடு தரையாகக் கிடக்கும். இப்படிப்பட்ட கோட்பாட்டை மறு இயல்பாக்கம் செய்ய, அதாவது கணக்கில் வரும் முடிவிலிகளை நீக்கி விடை பெற, முடியும் என்று டச்சு இயற்பியலாளர் 'ட் ஹூஃப்ட் 1971-ல் காட்டிய பிறகுதான் கோடு செங்குத்தாக ஏறுகிறது. வைன்பெர்க் அதற்குள் வேறு வேலைகளால் பெயர் வாங்கியிருந்தார், தப்பித்தார். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் போஸ்ட்டாக் ஒருவர் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருந்தால், அடுத்த வேலைக்கு மனுப் போடும்போது தளம் அவருக்குச் சாதகமாக எதையும் சொல்லியிருக்காது.

வடிகட்டிகளைப் பயன்படுத்தத் தெரிந்தால் பாதிப் பிழை குறையும். 'ரிவ்யூ ஆஃப் பார்ட்டிக்கிள் ஃபிசிக்ஸ்' என்ற துகள் தரவுத் தொகுப்பைக் கழிக்கவென்றே தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அது. அதன் நீண்ட ஆசிரியர் பட்டியலில் ஒருவர் பெயர் இருந்தால் மொத்தக் கணக்கே ஊதிப்போகும். பத்து பேருக்கு மேற்படாத கட்டுரைகள், தனி ஆசிரியர் கட்டுரைகள் என்று சுருக்கவும் வழி உண்டு. தன் மேற்கோளைக் கழிக்கும் பொத்தான் இருக்கிறது. அதில் நீங்கள் உங்களையே காட்டியது மட்டுமல்லாமல் உங்கள் இணை ஆசிரியர் பின்னாளில் அந்தக் கட்டுரையைக் காட்டியதும் கழியும், ஆகவே எண் சரிந்தால் பதறாதீர்கள்.

ஆசிரியர் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும். ஆங்கில அகர வரிசையில் மா முன்னால், ராஜசேகரன் பின்னால், அவ்வளவே. முதல் ஆசிரியருக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிற படிவத்தோடு வேறு துறைக்காரர் யாராவது இந்தத் தளத்தைப் பார்த்தால், பாவம், வெங்கடேசன்கள் ஆயுள் முழுக்கக் கடைசி ஆசிரியர்கள்தான். மனுவோடு இந்த வழக்கத்தை ஒரு வரியில் எழுதி இணைத்துவிடுவது உத்தமம்.

வேலை விளம்பரப் பகுதியும் உண்டு. துறை, பதவி, கண்டம் என்று வடிகட்டலாம், கடைசி நாளும் தெரியும். போஸ்ட்டாக் விளம்பரங்கள் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் குவியும். இந்திய நிறுவனங்களின் அறிவிப்பு எல்லாம் இங்கே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கருத்தரங்குப் பட்டியலும் இருக்கிறது, பரவாயில்லை ரகம்.

சுயவிவரத்தில் பலர் காலியாக விடும் கட்டம் ஒன்று: ஆய்வு வழிகாட்டி யார் என்பது. அதை நிரப்ப வேண்டியவர் மாணவர். நிரப்பினால், யார் யாரிடம் படித்தார் என்பது தொடுப்பாக நிற்கும். விட்டால், ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டு உருவாக்கிய மாணவர்களில் ஒருவர்கூட இந்தத் தளத்தில் அவர் மாணவராகத் தெரியமாட்டார். ஆர்க்கிட் கொண்டு நுழைந்து, சுயவிவரத்தைத் திருத்தும் பக்கத்தில் வழிகாட்டியின் பெயரைத் தட்டி, பட்டத்தின் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது, இரண்டு நிமிட வேலை.